யார் வீட்டுப் பிள்ளை காணோம்? கூட்டத்தின் நடுவில் சிக்குபவர்களுக்கும், ஓரத்தில் நிற்பவர்களுக்கும்

வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பவர்கள், தவணை வசூலுக்குப் போகிறவர்கள், வண்டியில் பாத்திரமும் பாயும் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்பவர்கள், குலதெய்வக் கோயிலைத் தேடி வேன் பிடித்து வருகிறவர்கள் என இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஓர் ஆபத்து உண்டு. அந்த ஊரில் அவர்களை யாருக்கும் தெரியாது. சாதாரண நாளில் இது பெரிய விஷயமில்லை. திண்ணையில் இருக்கும் பெரியவர் "யாருப்பா, எந்த ஊரு" என்பார், பதில் சொல்லிவிட்டு நடக்கலாம். பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது என்று வதந்தி ஓடும் நாட்களில் அதே கேள்வியை முப்பது பேர் ஒன்றாகக் கேட்பார்கள், பதிலுக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள். 2018 மே மாதம் கணக்கெடுப்பு வேலைக்குப் போன ஓர் ஊரில் அப்படி ஒரு கூட்டம் என்னைச் சூழ்ந்தது. அடி வாங்கி, உயிரோடு திரும்பினேன். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும், அடுத்த நாள் எங்கே போக வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒருவரும் இருக்கவில்லை. ஒவ்வொன்றையும் தனியாகத் தட்டித் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வேறு யாருக்கும் அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த ஆண்டு நடந்ததை நினைவுபடுத்துகிறேன். மே 9-ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர் பகுதியில், குலதெய்வக் கோயிலுக்கு சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து அடித்தார்கள். 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்தார். வழியில் குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம். அதே வாரத்தில் பழவேற்காட்டில் மனநலம் குன்றிய ஒருவரை அடித்தே கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். ஜூன் 8-ஆம் தேதி அசாமின் கார்பி ஆங்லாங்கில் ஊர் சுற்றிப் பார்க்க வந்த இரண்டு இளைஞர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ராயின்பாடாவில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர். ஜூலை 13-ஆம் தேதி கர்நாடகத்தின் பீதர் மாவட்டம் முர்கியில், ஹைதராபாத்திலிருந்து நண்பர்களோடு வந்திருந்த மென்பொருள் பொறியாளர். அவர்களும் பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்திருந்தார்கள். இவர்களில் யாரும் எந்தக் குழந்தையையும் கடத்தவில்லை.

பரப்பப்பட்ட வீடியோக்களில் ஒன்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தெருவில் விளையாடும் பையனை பைக்கில் வந்த இருவர் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் பெற்றோரை எச்சரிக்க எடுத்த விழிப்புணர்வுப் படம். முழுப் படத்தில் அதே இருவர் திரும்பி வந்து பையனை இறக்கிவிட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். கடைசிப் பகுதியை வெட்டிவிட்டு, அந்தந்த ஊர் மொழியில் ஒரு குரல் பதிவைச் சேர்த்து அனுப்பினார்கள். பக்கத்து ஊரின் பெயர் சொல்லி நம் பேச்சுவழக்கில் ஒருவர் பதறும்போது நம்பாமல் இருப்பது கடினம். அதிலும் அனுப்பியவர் மாமாவாகவோ, வாத்தியாராகவோ இருந்தால் கேள்வியே எழாது. அப்படி வந்தால், வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி, திரையைப் படம் பிடித்து, கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். பழைய படம் என்றால் பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வாட்ஸப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு வந்தது. 2020 ஏப்ரலில், அதிகம் பகிரப்பட்டவற்றுக்கு அதுவும் ஒன்றாகக் குறைந்தது. ஆனால் குரல் பதிவை மறுபடி பேசி அனுப்பினால் அம்புக்குறியே இருக்காது, அதனால் அது இல்லை என்பதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

எனக்கு நடந்தது முதலில் வெறும் விசாரணையாகத்தான் இருந்தது. இரண்டு பையன்கள் வண்டியை மறித்து எந்த ஊர் என்றார்கள். அடையாள அட்டையைக் காட்டினேன். அதில் இருந்ததெல்லாம் ஆங்கிலம், அவர்கள் வாசிக்கவில்லை. ஒருவன் கைபேசியை வாங்கிப் படங்களைத் தள்ளிப் பார்த்தான். கணக்கெடுப்புக்காக எடுத்த படங்களில் வீட்டு வாசல்களும் அங்கே நின்ற பிள்ளைகளும் இருந்தார்கள். "பாருங்கடா, பசங்க போட்டோ வச்சிருக்கான்" என்று ஒரு குரல். அந்தக் குரலுக்குப் பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. முதல் அறை எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. கட்டை எடுத்து வந்தவர்கள் யாரும் முதலில் இருந்தவர்கள் அல்ல, சத்தம் கேட்டுப் பின்னால் ஓடி வந்தவர்கள். பயத்தைவிட எனக்கு ஆழமாகப் பதிந்தது, பேச்சுக்கு மதிப்பே இல்லாமல் போன அந்தக் கையாலாகாத்தனம். எதைச் சொன்னாலும் அது பொய்யாகவே கேட்கப்பட்டது. பெட்டிக்கடை வைத்திருந்த ஓர் அம்மாதான் உள்ளே நுழைந்து, "யார் வீட்டுப் பிள்ளைடா காணோம்? சொல்லு" என்று கேட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை. ஒரு பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "உங்கப்பனுக்குத் தெரியுமா நீ இங்க நிக்கிறது" என்றார். அவன் பின்வாங்கினான். அவனோடு இருந்த இரண்டு மூன்று பேர் கையை இறக்கினார்கள். அந்த இடைவெளியில்தான் போலீஸ் வரும்வரை நான் அவர் கடைத் திண்ணையில் உட்கார முடிந்தது.

அந்த அம்மா செய்தது ஏன் பலித்தது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல நாள் ஆனது. கூட்டத்தில் இருப்பவர்களில் மிகச் சிலருக்குத்தான் சொந்தமாக ஏதாவது தெரியும், அதுவும் அரைகுறையாக. மற்றவர்கள், முன்னால் நிற்பவனுக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்று நினைத்துச் சேர்கிறார்கள். பத்தாவதாக வருபவன் ஒன்பது பேர் அடிப்பதைப் பார்க்கிறான், அடிக்கிறார்கள் என்பதே அவனுக்கு ஆதாரம் ஆகிவிடுகிறது. தாமதமாக வருகிறவன் அதிக மூர்க்கமாக இருப்பதும் இதனால்தான். விசாரணை நடந்த அரைகுறை நிமிடங்களைக்கூட அவன் பார்த்திருக்க மாட்டான். அதோடு ஒரு பயமும் இருக்கிறது. "நீ ஏன் சும்மா நிக்கிற, நீயும் அவன் ஆளா" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று, சந்தேகம் உள்ளவனும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறான். அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களின் தொடக்கத்தில் ஒரு சோதனை செய்தார். எந்தக் கோடு எதற்குச் சமம் என்ற மிக எளிய கேள்வி. அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தபடி தவறான பதில் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்கள் சொன்ன பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட்டத்தோடு ஒத்துப்போயிற்று. ஒரே ஒருவர் மட்டும் சரியான பதிலைச் சொல்லும்படி ஏற்பாடு செய்ததும் அந்த ஒத்துப்போதல் பெருமளவு விழுந்துவிட்டது. கூட்டத்தைத் திருப்ப இன்னொரு கூட்டம் தேவையில்லை. மாறிப் பேசும் முதல் ஆள் போதும், அவர் பேச வேண்டிய நேரம் மட்டும் மிகக் குறுகியது. முதல் அடி விழுவதற்கு முன் என்றால் பாதி வேலை முடிந்தது. ரத்தம் வந்த பிறகு, அடித்தவர்களுக்குத் தாங்கள் செய்தது சரி என்று நம்பியாக வேண்டிய கட்டாயம் வந்துவிடுகிறது.

அதனால் ஓரத்தில் நிற்கிறவர்களுக்கு முதலில் சொல்கிறேன். "அடிக்காதீங்க" என்று பொதுவாகக் கத்துவதால் பெரிதாகப் பலன் இல்லை, யாரும் அது தனக்குச் சொன்னது என்று எடுத்துக்கொள்வதில்லை. தெரிந்த முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பெயரைக் கேட்டதும் அவன் கூட்டத்தில் ஒருவனாக இல்லாமல் இன்னார் மகனாக மாறுகிறான். எந்தக் குழந்தை, யார் வீட்டுக் குழந்தை, எத்தனை மணிக்குக் காணாமல் போனது என்று கேளுங்கள். இது சண்டையாகத் தோன்றாது, கூட்டத்தின் பக்கம் நின்று கேட்பதுபோல் இருக்கும், ஆனால் பதில் இல்லாத கேள்வி. 112-க்கு அழைத்துவிட்டு "போலீஸ் வந்துட்டிருக்காங்க, அவங்ககிட்டயே ஒப்படைப்போம், தப்பிச்சுப் போகாம நாம பார்த்துக்கலாம்" என்று உரக்கச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் கைகள் கொஞ்சம் அடங்கும். அடிபடுகிறவரை உட்கார வையுங்கள், தண்ணீர் கொடுங்கள். தண்ணீர் கொடுத்த ஆளை மறுபடி அடிக்க மனம் தயங்கும். பூட்டிய அறையை மட்டும் நம்பாதீர்கள். ராயின்பாடாவில் அந்த ஐந்து பேரையும் பஞ்சாயத்து அலுவலக அறைக்குள்தான் அடைத்திருந்தார்கள், கூட்டம் உள்ளே புகுந்துதான் கொன்றது. அறைக்குள் வைத்தால் வாசலில் ஊர் மதிக்கும் நாலு பேர், முடிந்தால் வயதான பெண்கள், நிற்க வேண்டும்.

நடுவில் சிக்கியவருக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஓடாதீர்கள். ஓடுவதைக் குற்றத்தின் ஒப்புதலாகவே கூட்டம் பார்க்கிறது. வண்டியை எடுத்துக்கொண்டு பறப்பதும் அப்படித்தான். பீதரில் வாக்குவாதம் முற்றியதும் நண்பர்கள் காரில் கிளம்பிவிட்டார்கள், கைபேசிச் செய்தி அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது, முர்கியில் பாதையை அடைத்துக் காத்திருந்தார்கள். கிளம்ப முடிந்தால் 112-ஐ அழைத்துக்கொண்டே காவல் நிலையம் இருக்கும் திசையில் போங்கள், அடுத்த சிற்றூரை நோக்கிப் போகாதீர்கள். நிற்க நேர்ந்தால் இரண்டு கைகளும் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கட்டும். பைக்குள்ளோ சட்டைக்குள்ளோ திடீரென்று கைவிடாதீர்கள், எடுக்கப்போகும் பொருளைச் சொல்லிவிட்டு எடுங்கள். முதுகுக்குப் பின்னால் சுவரோ கடையோ இருக்கும்படி நகருங்கள். எல்லோருக்கும் பதில் சொல்ல முயலாதீர்கள், அது முடியாத காரியம். ஒரே ஒருவரை, முடிந்தால் வயதான பெண்ணையோ கடைக்காரரையோ தேர்ந்தெடுத்து, அவர் கண்ணைப் பார்த்து, "அம்மா, என் பேரு இது, இன்ன ஊரு, இன்னாரைப் பார்க்க வந்தேன், கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று மெதுவாகச் சொல்லுங்கள். சட்டம் பேசாதீர்கள், திட்டாதீர்கள், யார் தெரியுமா நான் என்று கேட்காதீர்கள். கீழே விழாமல் இருக்கப் பாருங்கள். விழுந்துவிட்டால் ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, விரல்களைப் பின்கழுத்தில் கோத்து, முழங்கைகளால் முகத்தை மூடுங்கள். கைபேசியை எப்படியும் பிடுங்குவார்கள், ஆகவே உள்ளூரில் உங்களை அறிந்த ஒருவரின் எண்ணாவது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

மருத்துவமனையில் பலர் தவறவிடும் விஷயங்கள் உண்டு. முதலில் அரசு மருத்துவமனைக்குப் போவது நல்லது. "கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள். கூட்டமாக அடித்தார்கள், எதனால் அடித்தார்கள், எத்தனை மணிக்கு என்று சொல்லி, அது விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். என்று சொல்வார்களே அதில், ஏறியதா என்று பாருங்கள். பின்னால் காயச் சான்றிதழுக்கு அதுதான் அடிப்படை. தலையில் அடிபட்டிருந்தால் முதல் இரண்டு நாள் தனியாக இருக்கக்கூடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், பேச்சுக் குழறல் எது வந்தாலும் உடனே திரும்பப் போக வேண்டும். எனக்கு யாரும் சொல்லாத இன்னொன்று: கட்டையால் தொடை, முதுகு, தோள் என்று பலத்த அடி விழுந்தால் தசை சிதைந்து அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கலாம். சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ காத்திருக்காதீர்கள், கிரியேட்டினின், சி.பி.கே. ரத்தப் பரிசோதனைகள் உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கன்றிய இடங்கள் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் கருநீலமாகத் தெளியும். தினமும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பிவிடப் பார்ப்பார்கள். அது புகார் வந்ததற்கான ஒப்புகை மட்டுமே. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லியிருக்கிறது. அதன் நகல் உங்களுக்கு இலவசம். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். வேறு மாவட்டத்தில் நடந்திருந்தாலும் உங்கள் ஊர் நிலையத்திலேயே புகாரை வாங்கிக்கொள்ள வேண்டும். பெயர் தெரியாதவர்கள் அடித்தார்கள் என்று மட்டும் எழுதாதீர்கள், சட்டை நிறம், வண்டி எண், கூப்பிட்ட பெயர்கள், எந்தக் கடை வாசல், யார் கையில் என்ன என்று நினைவுள்ளதை அன்றே எழுதிவிடுங்கள். என் நினைவு ஒரு வாரத்தில் கலங்கிவிட்டது. இப்போது நடைமுறையில் உள்ள தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமான ஒரே நோக்கத்தோடு கூடினால், அதில் ஒருவர் அந்த நோக்கத்துக்காகச் செய்த குற்றத்துக்கு எல்லோரும் பொறுப்பு என்று 190-ஆம் பிரிவு சொல்கிறது. பிறந்த இடம், மொழி, சமூகம் போன்ற காரணங்களால் ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொன்றால் 103(2), கொடுங்காயம் ஏற்படுத்தினால் 117(4). முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கும்பல் கொலைக்கெனத் தனிப் பிரிவே இல்லை. 2018 ஜூலை 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தெஹ்சீன் பூனாவாலா வழக்கில், ஒவ்வொரு மாவட்டத்திலும் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி இதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்றது. உங்கள் மனுவின் ஒரு பிரதியை அவருக்கும் அனுப்புங்கள்.

எனக்கு ஆன செலவைச் சொல்கிறேன், இதையும் யாரும் பேசுவதில்லை. உடைந்த கைபேசி, நொறுங்கிய வண்டி, ஸ்கேன், ஒரு பல், வழக்குக்காகப் போக வர பஸ் செலவு என்று 60,000 ரூபாய்க்கு மேல் போனது. மாதக்கணக்கில் களப்பணிக்குப் போக முடியாததால் போன சம்பளம் தனி. கூட்டமாக நாலு பேர் டீக்கடையில் நின்றால் தெருவை மாற்றி நடந்த காலம் அதைவிட நீண்டது. இழப்பீட்டுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம் என்பதே எனக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. முதல் தகவல் அறிக்கை, ஏ.ஆர். நகல், மருத்துவ ரசீதுகள், சம்பளச் சான்று எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது. ஊர்த் தரப்பிலிருந்து சமரசத்துக்கு ஆள் வரும். அங்கேயும் கூட்டத்தோடு ஒத்துப்போகும் அதே கட்டாயம்தான் வேலை செய்கிறது. தனித்தனியாக வருந்துகிறவர்கள்கூட ஊராகச் சேர்ந்ததும் சாட்சி சொல்ல மறுக்கிறார்கள். இளைஞர்களிடம் யாராவது முன்பே சொல்ல வேண்டும், ஓர் உதை கொடுத்துவிட்டுப் போனவன் பெயரும் வழக்கில் ஏறும், பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் வரும் போலீஸ் சரிபார்ப்பில் அது நிற்கும் என்று.

வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் முன்னேற்பாடாகச் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். நிறுவனம் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கு எழுத்தில் தகவல் கொடுத்து முத்திரையோடு ஒப்புகை வாங்க வேண்டும். ஊருக்குள் நுழைந்ததும் கிராம நிர்வாக அலுவலர், தலையாரி, ஊராட்சித் தலைவர் இவர்களில் ஒருவரையாவது பார்த்துவிட்டு, முடிந்தால் உள்ளூர் ஆள் ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். அடையாள அட்டையும் கடிதமும் பெரிய எழுத்தில் தமிழில் இருக்கட்டும். தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளிக்கு இது இன்னும் முக்கியம், வேலை கொடுப்பவரின் பெயரும் எண்ணும் அதில் இருக்க வேண்டும். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள், தின்பண்டம் கொடுக்காதீர்கள், வழி கேட்பதாக இருந்தாலும் பெரியவர்களிடமே கேளுங்கள். அன்பாகச் செய்கிற காரியத்தைத் தடுக்கிறோமே என்று எனக்கே வருத்தமாக இருக்கிறது. ஆனால் அத்திமூரிலும் முர்கியிலும் நடந்த பிறகு வேறு மாதிரி சொல்ல எனக்குத் துணிவில்லை.

வதந்தி கிளம்பிய ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று. 2018 ஜூன் 28-ஆம் தேதி திரிபுராவில், வதந்தியை நம்பாதீர்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்க அரசு நியமித்த ஆளையே பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொன்றார்கள். அந்நியக் குரல் நல்லதைச் சொன்னாலும் அந்த நேரத்தில் எடுபடாது. கோயில் மைக்கோ, பள்ளிவாசலோ, தேவாலயமோ, தலைமையாசிரியரோ, ஊர் அறிந்த குரல்தான் பேச வேண்டும். பேசும்போது பொதுவாக "நம்பாதீங்க" என்று நிறுத்தாமல், இன்று நம் ஊரில் எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை, நிலையத்தில் விசாரித்துவிட்டோம், சந்தேகம் என்றால் 112, பிள்ளைகள் பற்றிய கவலை என்றால் 1098, இன்று ஊருக்குள் வந்திருக்கும் வெளியாட்கள் இன்னின்னார், இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று விவரமாகச் சொல்ல வேண்டும். வேலை நேரம் முடிந்து ஆண்கள் கூடும் மாலையில் ஒருமுறை, கடைகள் அடைக்கும் முன் இன்னொருமுறை.